அத்தியாயம் 6: ஏழு இருக்கை, எத்தனை கிலோ?

ஓசூரில் சிறு வேன் வாங்க நினைப்பவர்களில் பலருக்குச் சொந்த ஊர் வேறு. வேலை சிப்காட்டில், அல்லது அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் போன்ற ஆலைகளில். அப்பா அம்மா இருப்பது மதுரையிலோ திருநெல்வேலியிலோ திருவண்ணாமலைப் பக்கமோ. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் குடும்பத்தோடு ஊருக்குப் போக வேண்டும். நடுவில் கல்யாணம், காதுகுத்து, கிரிவலம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல். பண்டிகை நாளில் பஸ்ஸில் இடம் பிடிப்பது பெரும்பாடு. காரில் ஐந்து பேரோடு இடம் முடிந்துவிடும். இந்தக் குடும்பங்களுக்கு மாருதி ஈகோ போன்ற சிறு வேன் நியாயமான தேர்வுதான். விலை கட்டுப்படி ஆகும், எந்த ஊரிலும் மெக்கானிக் கிடைப்பார், குறுகலான தெருவிலும் திரும்பும். ஆனால் வாங்கும்போது எல்லோரும் கேட்பது "எத்தனை பேர் உட்காரலாம்?" என்ற கேள்வியை. கேட்க வேண்டியது "எத்தனை கிலோ ஏற்றலாம்?" என்பதை. சிறு வேனில் காலி இடம் அதிகம், தாங்கும் எடை குறைவு. இடம் கண்ணுக்குத் தெரிகிறது, எடை தெரிவதில்லை. பிரேக், டயர், இன்ஜின் சூடு, இறக்கத்தில் கட்டுப்பாடு, காப்பீடு என்று வேன் பயணத்தில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த ஒரு கணக்கைப் போடாததால் வருவது. அதனால் இந்த அத்தியாயம் ஓட்டும் முறைக்குப் போகுமுன் எடையில் தொடங்குகிறது.

கணக்கு போடும் முறை

1. ஆர்.சி.யை எடுத்துக் காலி எடை, மொத்த எடை என்ற இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.
2. மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழியுங்கள். வண்டி ஏற்றக்கூடியது அவ்வளவுதான். ஓட்டுநரும் அதற்குள் அடக்கம்.
3. வருகிற ஒவ்வொருவரின் எடையையும் எழுதுங்கள். தெரியாவிட்டால் பெரியவருக்கு 65 கிலோ என்று வையுங்கள்.
4. பைகளை வீட்டிலேயே எடை போடுங்கள். எடை மெஷினில் பையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறையும், பை இல்லாமல் ஒருமுறையும் ஏறி நின்றால் போதும்.
5. கடைசியில் 50 கிலோவாவது மிச்சம் இருக்கட்டும். வழியில் ஏதாவது ஏறாமல் இருக்காது.

எடுத்துக்காட்டாக, காலி எடை 940 கிலோ, மொத்த எடை 1,510 கிலோ என்று ஆர்.சி.யில் இருந்தால் மிச்சம் 570 கிலோ. ஏழு பெரியவர்கள் 455 கிலோ. ஆளுக்குப் பத்து கிலோ பை என்றால் 70. ஒரு இருபது லிட்டர் தண்ணீர் கேன் 20. ஆகமொத்தம் 545. இருக்கைக்கு ஒருவர், ஆளுக்கு ஒரு பை, ஒரு தண்ணீர் கேன் என்ற மிகச் சாதாரணமான பயணத்திலேயே வண்டியின் வரம்புக்கு 25 கிலோதான் மிச்சம். ஐந்தாம் படியில் சொன்ன 50 கிலோகூட இல்லை. "ரெண்டு பேர்தானே, நெருங்கி உட்காரலாம்" என்று இன்னும் இருவரைப் பையோடு ஏற்றினால் 150 கிலோ கூடுகிறது, வரம்பு 125 கிலோ தாண்டிவிடுகிறது. அதற்கு மேல் கேரியரில் ஒரு கட்டில். பார்ப்பதற்கு வண்டி கொஞ்சம் தாழ்ந்திருக்கும், அவ்வளவுதான். அதனால்தான் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

இதற்கு உடனே வரும் பதில்: "பத்துப் பேர் ஏறி எத்தனையோ முறை போய்வந்தாச்சு, ஒன்றும் ஆனதில்லை." உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது எதை நிரூபிக்கிறது என்று பார்க்க வேண்டும். நேரான சாலையில், மிதமான வேகத்தில், யாரும் குறுக்கே வராத பயணத்தில் பிரேக்கின் திறனில் சிறுபகுதியே செலவாகிறது. முழுத்திறனும் தேவைப்படுவது, முன்னால் போகும் லாரி விளக்கில்லாமல் நின்றுவிடும் அந்த ஒரு நொடியில். அதிக எடை ஏற்றிய வண்டி அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சோதிக்கப்படுகிறது. முந்தைய பயணங்கள் அந்தச் சோதனையைச் சந்திக்கவே இல்லை. இன்னொரு வாதம் செலவு. மிச்சமாகும் இரண்டு பேருக்கும் அரசுப் பேருந்தில் டிக்கெட் எடுத்தால் ஆகும் தொகையை, ஒரு டயர் வெடித்தால் ஆகும் தொகையோடு வைத்துப் பாருங்கள். ஆட்கள் ஒன்பது பத்து என்றால் மஞ்சள் போர்டு டிராவலர் வண்டியை வாடகைக்கு எடுப்பதே சரி. சொந்த வேன் இருக்கிறது என்பதற்காக எல்லாப் பயணத்துக்கும் அதையே எடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

சிறு வேன்கள் மோதலில் பலவீனமானவை என்ற விமர்சனம் சரியானது. அதை மறைத்துப் பயனில்லை. 2016இல் குளோபல் என்கேப் அமைப்பு ஏர்பேக் இல்லாத ஈகோவை மோதிப் பார்த்து, பெரியவர்களுக்கான பாதுகாப்பில் பூஜ்ஜிய நட்சத்திரம் கொடுத்தது. 1984இல் மாருதி வேனாக வந்து பின்னர் ஆம்னி என்று பெயர் மாறிய வண்டி, புதிய பாதுகாப்பு விதிகள் வந்தபோது 2019இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஆம்னியில் ஓட்டுநரின் முழங்காலுக்கு முன்னால் மோதலைத் தாங்க ஏறக்குறைய எதுவுமே இல்லை. ஆகவே நெடுஞ்சாலைப் பயணத்துக்காக இன்று ஆம்னி வாங்க வேண்டாம் என்பதே இந்த நூலின் முடிவு. உள்ளூரில் கடைக்குச் சரக்கு எடுக்க வைத்திருப்பவர்கள் வைத்திருக்கட்டும். ஈகோவில் பழையது வாங்குவதென்றால் 2019 ஜூலைக்குப் பிறகு தயாரானதைத் தேடுங்கள். ஓட்டுநர் ஏர்பேக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் கட்டாயமான ஆண்டு அது. புதியது என்றால் 2025இல் பயணிகள் வகைகளுக்கு ஆறு ஏர்பேக் வந்துவிட்டது. அதோடு ஏழு இருக்கை வகையை நிறுத்தி ஆறு இருக்கை வகையைக் கொண்டுவந்தார்கள். ஓர் இருக்கை போய்விட்டதே என்று வருந்துகிறவர்கள் மேலே போட்ட கணக்கை மறுபடி பார்க்கலாம்.

பழைய வேனில் இருக்கைகளை எண்ணுங்கள். ஆர்.சி.யில் ஐந்து என்று இருந்து உள்ளே ஏழு இருந்தால், யாரோ பட்டறையில் பெஞ்சு வைத்து போல்ட் போட்டிருக்கிறார்கள். சரக்கு வகை வேனில் இப்படிச் செய்வது அதிகம். தகரத்தில் துளைபோட்டு மாட்டிய இருக்கை, மோதலில் ஆட்களோடு சேர்ந்து பிய்ந்து முன்னால் வரும். அந்த வண்டியை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

பெங்களூரு சந்தை பக்கத்திலேயே இருப்பதால் கே.ஏ. நம்பர் வண்டிகள் இங்கே நிறைய வந்து விலைபோகின்றன. வாங்கலாம், ஆனால் காகிதம் முடியாமல் ஓட்டக் கூடாது. படிகள் இவை:

1. எம்-பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டு, கடன், காப்பீடு, வண்டி வகை எல்லாம் பாருங்கள். வாடகை வண்டியாக ஓடியதா என்பது அங்கே தெரியும்.
2. விற்பவர் கர்நாடக ஆர்.டி.ஓ.வில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்கித் தரவேண்டும். அது கையில் வராமல் முழுப்பணத்தையும் கொடுக்காதீர்கள்.
3. பெயர்மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்.
4. ஓசூர் என்றால் டி.என். 70, கிருஷ்ணகிரி என்றால் டி.என். 24, இங்கே வரி கட்டிப் புதிய எண் வாங்குங்கள். வேறு மாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு இடம் தருவதில்லை.
5. காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இதை மறந்துவிட்டு இழப்பீடு கேட்கும்போது தவிக்கிறவர்கள் ஏராளம்.

சாமானை எங்கே வைப்பது

எடை வரம்புக்குள் இருந்தால் மட்டும் போதாது, அது வண்டியில் எந்த இடத்தில் உட்காருகிறது என்பதும் அதே அளவு முக்கியம். சிறு வேன் நீளம் குறைந்தது, உயரமானது, ஒடுக்கமானது. ஈகோவின் அகலம் ஒன்றரை மீட்டருக்கும் குறைவு, உயரம் 1.8 மீட்டருக்குச் சற்று மேல். இப்படிப்பட்ட வண்டியின் தலையில் எடை ஏற்றினால் திருப்பத்தில் சாயும் போக்கு கூடும். ஊருக்குப் போகும் நெடுஞ்சாலையில் மேலுமலைக்கும் தொப்பூருக்கும் நடுவே திறந்தவெளியில் பக்கக் காற்று அடிக்கும்போது ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். கேரியரில் போர்வை, பாய், காலி டப்பா போகட்டும். அரிசி, தண்ணீர், கிரைண்டர் எல்லாம் தரைக்கு. தரையிலும் எல்லாவற்றையும் டிக்கியில் அடுக்காதீர்கள். பின் சக்கரத்துக்குப் பின்னால் குவியும் எடை வண்டியின் மூக்கைத் தூக்கும். ஸ்டீயரிங் லேசாகும், முன் பிரேக்கின் பிடிப்பு குறையும், முன்விளக்கு மேலே பார்த்து எதிரே வருபவரின் கண்ணைக் கூச வைக்கும். கனமான மூட்டை இரண்டாம் வரிசை இருக்கையின் காலடியில், சுவரோடு ஒட்டி இருக்க வேண்டும். டிக்கியில் பின்கண்ணாடி மறையும் உயரத்துக்கு எதுவும் வேண்டாம். காட்டுச் சாலைப் பகுதியில் இதற்கு இன்னொரு காரணமும் சொல்லப்படும்.

குறிப்பு: வேனின் இரு பக்கமும் இழுவைக் கதவு இருக்கும். வலது கதவைக் குழந்தைப் பூட்டில் போட்டுவிடுங்கள். டீக்கடையில் நின்றதும் பிள்ளைகள் முதலில் திறப்பது சாலைப் பக்கக் கதவைத்தான்.

மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்காருவது நம்மிடம் ஆழமாகப் பதிந்த பழக்கம். அம்மாவின் கை மோதல் விசையைத் தாங்காது; ஏர்பேக் உள்ள வண்டியில் அது விரியும் வேகமே குழந்தைக்கு ஆபத்து. குழந்தை பின்னால், குழந்தை இருக்கையில், பெல்ட்டோடு. பெரியவர்களுக்கும் பின் இருக்கையில் பெல்ட் கட்டாயம். கட்டாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். பெல்ட்டின் எண்ணிக்கைதான் வண்டியின் உண்மையான ஆள் எண்ணிக்கை என்று வைத்துக்கொள்ளலாம்.

கிளம்புவதற்கு முந்தைய நாள்

1. டயரில் காற்றைக் காலையில், வண்டி ஓடாமல் இருக்கும்போது பாருங்கள். ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் அட்டையில் முழுச்சுமைக்கான அளவு இருக்கும். அதுவே அளவு, பஞ்சர் கடைக்காரர் சொல்வது அல்ல.
2. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். மேல்வரிகள் தேயாமல் இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரோடு முழுச்சுமைப் பயணம் வேண்டாம். ஸ்டெப்னிக்கும் இதே விதி.
3. முன் இருக்கையைத் தூக்கி இன்ஜின் ஆயில், கூலன்ட், ஃபேன் பெல்ட் பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் பயணத்தை ஒத்திவையுங்கள்.
4. சி.என்.ஜி. வண்டி என்றால் சிலிண்டர் சோதனைத் தகட்டில் தேதி பாருங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை சோதித்திருக்க வேண்டும். வீட்டு கேஸ் சிலிண்டரில் ஓட்டுவது சட்டப்படி குற்றம். அதில் ஓடும் வண்டியில் ஏறவே ஏறாதீர்கள்.
5. ஒரு கிலோ தீயணைப்பானை ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் மாட்டுங்கள். மூட்டைக்கு அடியில் கிடக்கும் தீயணைப்பானால் பயன் கிடையாது.

காற்று விஷயத்தில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. கிருஷ்ணகிரி தாண்டி டயர் சூடானதும் அழுத்தம் ஏறியிருக்கும். அதைப் பார்த்துப் பயந்து பங்கில் காற்றை இறக்குவார்கள். சூட்டில் அழுத்தம் ஏறுவது இயல்பு. இறக்கிவிட்டால் டயர் அதிகமாக மடங்கி இன்னும் சூடாகும், எடையும் கூடுதலாக இருந்தால் வெடிக்கும். வழியில் காற்றை இறக்காதீர்கள்.

இன்ஜின் இருக்கைக்கு அடியில் இருப்பது இந்த வண்டிகளின் தனி இயல்பு. இருக்கைக்குக் கீழே இருக்கும் இடுக்கில் துணி, செய்தித்தாள், பிளாஸ்டிக் பை திணிப்பதை அடியோடு நிறுத்துங்கள். இருக்கைத் தட்டின் கீழ் ஒட்டியிருக்கும் கறுப்பு வெப்பத் தடுப்பு கிழிந்து தொங்கினால், உட்காருபவரின் தொடை சுடுவதோடு போகாது. அந்தத் துணுக்கு சூடான குழாயில் விழுந்து புகையும். இதைச் சரிசெய்ய ஒரு மணி நேர வேலைதான். வெப்பமுள் ஏறினால் ஏ.சி.யை அணைத்துவிட்டு இடப்பக்கம் ஒதுங்குங்கள். எல்லோரையும் இடது கதவு வழியாக இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்க வையுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது காத்திருங்கள்.

இறக்கம்

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கிருஷ்ணகிரி சுமார் 500. ஐம்பது கிலோமீட்டரில் 400 மீட்டர் இறங்குகிறோம். 1,500 கிலோ வண்டி அவ்வளவு இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், பதினேழு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் பெரும்பகுதியைக் காற்றும் இன்ஜினும் வாங்கிக்கொள்ள வேண்டும். பிரேக்கிடம் விட்டால் பிரேக் சூடேறி பிடிப்பு இழக்கும். எடை கூடக் கூட இந்த ஆற்றலும் கூடும், பிரேக்கின் அளவு மட்டும் அப்படியே இருக்கும். இதுவே தேசிய நெடுஞ்சாலை 44இல் அறிய வேண்டிய இயற்பியல் முழுவதும்.

சூளகிரி தாண்டி மேலுமலை இறக்கமும், தருமபுரிக்கு அப்பால் தொப்பூர் கணவாயும் இந்த வழியில் பெயர்போன விபத்துப் பகுதிகள். தொப்பூரில் பாரவண்டிகள் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கி, பிரேக் பிடிக்காமல் முன்னால் நிற்கும் வண்டிகளில் மோதுவது பலமுறை செய்தியானது. இதில் உங்களுக்கு இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, நீங்கள் ஒருபோதும் நியூட்ரலில் இறங்கக் கூடாது. இன்னொன்று, பின்னால் வரும் லாரி அப்படி இறங்கிக்கொண்டிருக்கலாம் என்று எப்போதும் நினைக்க வேண்டும். இறக்கம் தொடங்கும் முன்பே மூன்றாம் கியருக்கு வாருங்கள். வண்டி இன்னும் ஓடப் பார்த்தால் இரண்டாம் கியர். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்காமல், நன்றாக ஒருமுறை அழுத்தி வேகத்தைக் குறைத்துப் பின் விட்டுவிடுங்கள். ஆறுவதற்கு நேரம் கிடைக்கும். இரண்டு லாரிகளுக்கு நடுவில் இறங்காதீர்கள். போக்குவரத்து தேங்கி நிற்கிறது என்று தெரிந்தால், இறக்கத்துக்கு முன்பே அபாய விளக்கைப் போட்டு மெதுவாகச் சேருங்கள். கருகிய வாடை வந்தால் அது பிரேக்தான். தட்டையான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் மலைச்சாலை குறுகல், வளைவு அதிகம். அங்கே இரண்டாம் கியரே போதும். திரும்பி ஏறும்போதுதான் அதிக எடையின் விலை தெரியும்; ஏ.சி.யை அணைத்து, வெப்பமுள்ளைப் பார்த்துக்கொண்டே ஏறுங்கள்.

இரவு ஷிப்ட் முடித்துக் காலை ஆறு மணிக்கு வெளியே வந்து அப்படியே ஊருக்குக் கிளம்புவது இந்தப் பகுதியின் ஆபத்தான பழக்கம். லீவு குறைவு, ஊர் தூரம் என்பது புரிகிறது. இருந்தாலும் தூக்கமில்லாத ஓட்டுநருக்கு டீயும் பாட்டும் மருந்தாகாது. குறைந்தது ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டு மதியம் கிளம்புங்கள், அல்லது வேறொருவர் ஓட்டட்டும்.

எல்லை, போர்டு, பட்டாசு

வெள்ளை போர்டு சொந்த வேனுக்கு ஜூஜூவாடி–அத்திப்பள்ளி எல்லையைத் தாண்ட பர்மிட்டோ தனி வரியோ தேவையில்லை. தேசிய நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவர்களுக்கு 2025 ஆகஸ்ட் 15இல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஃபாஸ்டேக் ஆண்டுப் பாஸ் இருக்கிறது. ஓர் ஆண்டு அல்லது 200 கடப்பு, எது முந்துகிறதோ அது. எந்தச் சாவடிகளுக்குச் செல்லும் என்று ராஜ்மார்க்யாத்ரா செயலியில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சிக்கல் வருவது, அதே வேனில் வேலைக்குப் போகும் நண்பர்களையோ ஊருக்குப் போகிறவர்களையோ தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஏற்றும்போது. "பெட்ரோல் காசுதானே, லாபமா சம்பாதிக்கிறோம்?" என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் முதல்முறையே 10,000 ரூபாய் அபராதம் போடலாம். அதைவிடப் பெரியது காப்பீடு. தனியார் கார் பாலிசியில் வாடகை உபயோகம் விலக்கப்பட்டிருக்கிறது. விபத்துக்குப் பிறகு காசு கைமாறியது தெரிந்தால், இழப்பீட்டை நீங்களே கொடுக்கும் நிலை வரலாம். ஆள் எண்ணிக்கையிலும் இதே கதைதான்: அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய ஒரு பேருந்து வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007இல், அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை வரையில்தான் காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. வாடகைக்கு ஓட்ட விருப்பம் என்றால் மஞ்சள் போர்டுக்கு மாற்றி, பர்மிட்டும் எஃப்.சி.யும் வாங்கி முறையாக ஓட்டுங்கள். இலகு ரக உரிமமே அதற்குப் போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் உறுதி செய்துவிட்டது.

தீபாவளிக்கு முன் எல்லையோரக் கடைகளில் பட்டாசு வாங்கி வேனில் அடைத்துக்கொண்டு ஊருக்குப் போகும் வழக்கத்தைப் பற்றி மட்டும் கடுமையாகவே சொல்ல வேண்டும். 2023 அக்டோபரில் அத்திப்பள்ளி பட்டாசுக் கடையில் பற்றிய தீயில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்தும் உயிர்கள் போயின. இருக்கைக்கு அடியில் இன்ஜின் ஓடும், ஏழு பேர் நெருங்கி உட்கார்ந்திருக்கும் ஒரு தகரப் பெட்டிக்குள் அந்தப் பெட்டிகளை வைக்காதீர்கள். பட்டாசை ஊரிலேயே வாங்குங்கள். பெட்ரோல் கேனையும் வேனில் வைக்காதீர்கள். கர்நாடக மதுவை எல்லை தாண்டிக் கொண்டுவருவது தமிழ்நாட்டில் குற்றம். மாட்டிக்கொண்டால் வண்டியும் போகும்.

காட்டுச் சாலை

தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி வழி அழகானது. யானைகளின் வழியும் அதுதான். கேழ்வரகு விளையும் மாதங்களில் கர்நாடகக் காடுகளிலிருந்து கூட்டங்கள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இறங்கும். சில ஓசூருக்கும் சூளகிரிக்கும் நடுவே சானமாவு காட்டை ஒட்டி நெடுஞ்சாலை வரைக்கும் வரும். பொழுது சாய்ந்தபின் இந்தச் சாலைகளில் போகாதீர்கள். யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹாரன் வேண்டாம், விளக்கைத் தாழ்த்துங்கள், யாரும் இறங்கக் கூடாது. முன்னேறி வந்தால் பின்னோக்கி ஓட்ட வேண்டியிருக்கும். டிக்கியில் கண்ணாடி மறைய மூட்டை அடுக்கியவர் அப்போது எதைப் பார்த்து ரிவர்ஸ் எடுப்பார்?

எந்தச் சாலையிலும் விபத்து என்றால் 108. தேசிய நெடுஞ்சாலையில் வண்டி பழுதானால் 1033. தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த விபத்துக்கு, அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. பணம் இல்லையே என்று ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்க வேண்டாம்.

திரும்பும் பயணம்

போகும்போது போட்ட கணக்கைத் திரும்பும்போது யாரும் போடுவதில்லை. வண்டி அதிகம் கனப்பதோ அப்போதுதான். போகும்போது துணிப்பை மட்டும். வரும்போது அம்மா கட்டிக்கொடுத்த 25 கிலோ அரிசி இரண்டு மூட்டை, தேங்காய் ஒரு சாக்கு, நிலக்கடலை, புளி, எண்ணெய் டின். வேண்டாம் என்று சொன்னால் மனம் நோகும் என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்கிறோம். மேலே போட்ட எடுத்துக்காட்டில் மிச்சம் இருந்தது 25 கிலோ. இந்தச் சாமான் குறைந்தது 100 கிலோ. போதாததற்கு இந்தத் திசையில் தொப்பூரும் மேலுமலையும் ஏற்றம். முழுச்சுமையோடு, கீழ் கியரில், பண்டிகை நெரிசலில் மெதுவாக ஏறும்போது இன்ஜின் சூடேறுவது இங்கேதான் அதிகம். முந்தைய இரவே எடை போட்டுப் பாருங்கள். வரம்பு தாண்டினால் மூட்டைகளை அந்த ஊர் லாரி சர்வீஸில் ஓசூருக்குப் பதிவு செய்து ரசீது வாங்குங்கள். உங்களோடு எண்ணெய் டின்னும் கடலையும் வரட்டும். அனுப்ப வழியில்லை என்றால் ஒருவர் பஸ்ஸில் வரட்டும். மறுநாள் காலையில், டயர் ஆறியிருக்கும்போது காற்றைப் பார்த்துவிட்டு, முதலில் பெரியவர்களைப் பெல்ட்டோடு உட்காரவைத்து, பிறகு சாமானை ஏற்றுங்கள். சாமானை முதலில் ஏற்றினால் ஆட்கள்தான் நெருக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.